மன அழுத்த வகுப்புக்கு நாள் குறிக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பணியிடங்களின் மேலாளர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம்.

ஆண்டில் ஒரு நாள் ஊழியர்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' பற்றி இரண்டு மணி நேரம் பேச ஆள் கூப்பிடுகிறீர்கள். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கைதட்டல், கடைசியில் கண்ணை மூடி ஒரு மூச்சுப் பயிற்சி, பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு படம். அந்தக் கூடத்தில் மைக் பிடித்து நிற்கிறவர்கள்தான் இதை எழுதுகிறோம். இரண்டு மணி நேரத்தில் எது உருப்படியாகப் போய்ச் சேரும், எதை நாங்கள் எத்தனை முறை வந்து பேசினாலும் உங்கள் மேசையில் மட்டுமே சரிசெய்ய முடியும் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அழுத்தமே இல்லாமல் செய்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பை முதலில் விட்டுவிடுங்கள். அது உடம்பு தன் வேலையைச் செய்வது. ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்ட சில விநாடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் ஓரமாக ஒதுக்கப்படுகிறது. அதன் பின்னால் மெதுவாகக் கிளம்புவது கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ், அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி என்று மூன்று படி கடந்து வர வேண்டியிருப்பதால், அது ரத்தத்தில் உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். பழைய நிலைக்கு இறங்க அதற்குமேல் ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கலாம்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு மேலாளரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 11 மணி மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் ஒருவர் திட்டு வாங்கினால், 11.30-க்குத்தான் அவர் உடம்பில் கார்டிசோல் உச்சத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்து அடுத்த மீட்டிங்கில் உட்காரவைத்து, 'அதை விடுங்க, இதைப் பார்ப்போம்' என்றால் ஆள் வருவார், உடம்பு வராது. ஏறியது இறங்கிவிட்டால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. இறங்குவதற்குள் மறுபடி ஏற்றிவிடுவதுதான் கெடுதல். நாள்தோறும் அப்படி ஏறியே நிற்பதால் உடம்பில் சேரும் தேய்மானத்துக்கு ஆய்வாளர்கள் 1993-ல் தனிப் பெயரே வைத்தார்கள். தூக்கம், ரத்த அழுத்தம், நோய் எதிர்ப்பு, நினைவாற்றல் என எல்லாவற்றிலும் அந்தத் தேய்மானம் தெரியும்.

தேய்ப்பது பெரிய இடிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1967-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற அளவுகோல் துணையின் மரணம், மணமுறிவு, வேலை இழப்பு என 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் கொடுத்தது. ஆனால் 1981-ல் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸும் அவருடன் பணியாற்றியவர்களும் அன்றாட நச்சரிப்புகளை எண்ணிப் பார்த்தபோது, மனநலக் குறைபாட்டு அறிகுறிகளோடு அதிகம் பொருந்தி வந்தவை அந்தச் சிறு நச்சரிப்புகளே. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இங்கேயும் பொருந்தும். ஆகவே வகுப்பில் சொல்லித்தர வேண்டியது, ஏறியதை அன்றன்றைக்கு இறக்கிவைக்கும் வழிகளைத்தான்.

அவற்றில் முதலாவது மூச்சு. பெரும்பாலான வகுப்புகளில் தவறாகச் சொல்லித்தரப்படுவதும் இதுவே. 'நன்றாக ஆழமாக மூச்சை இழுங்கள்' என்கிறார்கள். பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டிருப்பார். இன்னும் ஆழமாக, இன்னும் வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதடும் விரல் நுனியும் மரத்துக் குறுகுறுக்கும். அதைப் பார்த்து அவர் இன்னும் பயப்படுவார். 'எனக்கு மூச்சுப் பயிற்சி ஒத்துவரவில்லை' என்று சொல்கிற பலருக்கு நடந்தது இதுதான்.

கவனம் வைக்க வேண்டிய இடம் வெளிமூச்சு. உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளிவிடும்போது குறைகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு போடும் பிரேக் அது. வெளிமூச்சை நீட்டினால் பிரேக்கில் கால் கூடுதல் நேரம் இருக்கும். முதுகை நாற்காலியில் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்கார வேண்டும். ஒரு கை வயிற்றில். மூக்கு வழியாக 4 விநாடி உள்ளே. வயிறு கையைத் தள்ள வேண்டும், தோள் மேலே எழும்பக் கூடாது. மூக்கு வழியாகவோ, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பது போல உதடு குவித்தோ 6 விநாடி வெளியே. ஒரு சுற்றுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடத்துக்கு 30 மூச்சு. அவ்வளவுதான்.

கிறுகிறுத்தால் இழுக்கும் காற்றின் அளவைப் பாதியாக்க வேண்டும். பூவை முகரும் அளவு போதும். 6 விநாடி நீளவில்லை என்றால் 3 உள்ளே, 4 வெளியே என்று தொடங்கலாம். எண்ணிக்கையைப் பிடிக்க மூச்சுத் திணறுவது நோக்கத்தையே கெடுத்துவிடும். கண்ணை மூடினால் சிலருக்குப் பதற்றம் கூடும். அவர்கள் தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். கண்ணை மூடியே ஆக வேண்டும் என்று கூடத்தில் கட்டளை போடாதீர்கள். நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு, நெருக்கடி வந்த பிறகு முதல்முறையாக முயல்வது. வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியாது. மனம் அமைதியாக இருக்கும் வேளைகளில், தினம் இரண்டு முறை, குறைந்தது இரண்டு வாரம் பழகியிருந்தால்தான் தேவைப்படும்போது உடம்பு அதைக் கேட்கும்.

ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத இடத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மூக்கால் ஒருமுறை இழுத்து, அதை விடாமல் மேலே இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாயால் நீண்ட பெருமூச்சு. இரண்டு மூன்று முறை போதும். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்யவைத்து, வேறு இரு மூச்சு முறைகளோடும் தியானத்தோடும் ஒப்பிட்டார்கள். எல்லாக் குழுவிலும் பதற்றம் குறைந்தது. மனநிலை அதிகம் தெளிந்தது இந்தப் பெருமூச்சுக் குழுவில்.

அடுத்தது தசை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறையின் சுருக்கம் நாற்காலியை விட்டு எழாமலே செய்யக்கூடியது. கை முஷ்டி, தோள், தாடை என மூன்று இடம். முஷ்டியை முழு பலத்தில் முக்கால் பங்குக்கு மட்டும் 5 விநாடி இறுக்கி, சட்டென்று விட வேண்டும். பிறகு 25 விநாடி ஒன்றும் செய்யாமல், இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அதேபோலத் தோளைக் காதுவரை தூக்கி விடுவது. பல்லைக் கடித்து விடுவது. இரண்டு சுற்று, மொத்தம் மூன்று நிமிடம். பலர் இறுக்குவதை மும்முரமாகச் செய்துவிட்டு, விட்ட பிறகான 25 விநாடியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். பயனெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இறுகிக் கிடப்பதே தெரியாமல் நாளெல்லாம் இருப்பவருக்கு இறுக்கம் எப்படி இருக்கும் என்று உடம்பு சொல்லித்தரும் நேரம் அது. கெண்டைக்காலையும் பாதத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் நீண்ட நேரம் இறுக்க வேண்டாம்; தசைப்பிடிப்பு வரும்.

மூச்சும் தசையும் உடம்பை இறக்கும். தலைக்குள் ஓடுகிற கவலைக்குக் காகிதம் வேண்டும். மாலையில், படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால், 15 நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குவது பலருக்கு உதவுகிறது. பகலில் ஒரு கவலை தலைகாட்டினால் ஒரு சொல்லில் குறித்துக்கொண்டு, 'உன்னை ஆறு மணிக்குப் பார்க்கிறேன்' என்று அனுப்பிவிட வேண்டும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் கவலைப்படாதே என்றால் கேட்காத மனம், அப்புறம் கவலைப்படு என்றால் ஓரளவு கேட்கும். நேரம் வந்ததும் தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் என் கையில் உள்ளவை, வலப்பக்கம் என் கையில் இல்லாதவை என்று எழுத வேண்டும். இடப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையும் ஒரு நேரமும் இருக்க வேண்டும். 'அறிக்கை பற்றி யோசிக்க வேண்டும்' என்பது வேலை ஆகாது. 'நாளை 10 மணிக்கு அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதுவேன்' என்பதுதான் வேலை. வலப்பக்கத்துக்குத் தீர்வு எழுத வேண்டியதில்லை. அவை அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்று எழுதிப் பார்ப்பதே பாதி பயன். ஃபோனில் எழுதாதீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். குறிப்பெழுதத் திறந்த கை மெயிலைத் திறக்கும்.

படுக்கும் முன் எழுதுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2018-ல் வெளியான ஒரு ஆய்வில் 57 இளைஞர்களில் பாதிப் பேர் இனிச் செய்ய வேண்டிய வேலைகளையும், மீதிப் பேர் செய்து முடித்த வேலைகளையும் 5 நிமிடம் எழுதிவிட்டுப் படுத்தார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்; எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். முடியாத வேலையைத் தலை விடாமல் பிடித்து வைத்திருக்கும். தாள் பிடித்துக்கொண்டால் தலை விட்டுவிடும்.

தூக்கம் பற்றி இன்னும் இரண்டே செய்தி. படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை விடுமுறையிலும் மாற்றாமல் வைத்திருப்பது முக்கியம். படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை செய்துவிட்டு, கண் சொருகும்போது திரும்ப வேண்டும். படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிக்கொள்ளும். கடிகாரத்தையும் பார்க்கக் கூடாது. 20 என்பது உத்தேசம்தான்.

காபி, டீயில் உள்ள காஃபீனுக்குக் கணக்கு எழுதிக் காட்டினால் உடனே புரியும். உடம்பில் அதன் அளவு பாதியாகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். மாலை 4 மணிக்கு 200 மில்லிகிராம் உள்ளே போனால் இரவு 9-க்கு 100, விடியற்காலை 2-க்கு 50 மீதம் இருக்கும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததாக 2013 ஆய்வு ஒன்று காட்டியது. மது சீக்கிரம் தூங்கவைக்கும். பின்னிரவைத் துண்டு துண்டாக்கும். உடற்பயிற்சி பற்றி எல்லோரும் சொல்வதால் சுருக்கமாக: வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். பேச முடியும், பாட முடியாது என்ற அளவு வேகம் மிதமானது. குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே மூன்று மாடி ஏறுவதும் கணக்கில் சேரும்.

ஊழியர்கள் கோபத்தைக் கொட்டித் தீர்க்கட்டும் என்று பொருட்களை உடைக்கும் விளையாட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடலாம். 2002-ல் நடந்த ஒரு பரிசோதனையில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையை அடித்தவர்களுக்குக் கோபம் கூடியே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள்.

இதுவரை சொன்னது ஊழியர் பக்கம். இனி உங்கள் பக்கம். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். நாங்கள் சொல்லித்தருவதெல்லாம் கொதிப்பதன் மேல் தண்ணீர் தெளிக்கிற வேலை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை வைத்து 2024-ல் வெளியான ஆய்வில், மன உறுதிப் பயிற்சி, தியானம், நல்வாழ்வுச் செயலி போன்றவற்றில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. அது ஒரே சமயத்தில் எடுத்த அளவீடு. பயிற்சியே வீண் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் வகுப்பு நடத்தியாயிற்று, கடமை முடிந்தது என்று நீங்களும் முடிவுகட்ட முடியாது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை அது.

தும்பு எது என்பது புதிய கேள்வி அல்ல. பணியிட அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-லேயே சொன்னது: வேலைப்பளு அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருப்பதுதான் ஆளை அதிகம் நசுக்கும் சேர்க்கை. பளுவைக் குறைக்க வழியில்லை என்றால் உரிமையைக் கூட்டுங்கள். எந்த வேலையை முதலில் செய்வது, எப்போது இடைவேளை எடுப்பது என்ற சின்ன முடிவுகளே போதும்; செலவில்லாதவை. 'கொஞ்சம் ப்ரெஷர் இருந்தால்தான் வேலை நடக்கும்' என்று, அழுத்தம் கூடக்கூடத் திறன் ஏறிப் பிறகு இறங்குவதாகக் காட்டும் வளைகோட்டை ஸ்லைடில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கோட்டின் மூலம் 1908-ல் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த பரிசோதனை. அலுவலகத்துக்கு எடுத்துவரும்முன் ஒரு கணம் யோசிக்கலாம்.

மேசையில் மாற்ற வேண்டியவை சிறியவைதான். ஒரு மணி நேர மீட்டிங்கை 50 நிமிடமாகவும், அரை மணி மீட்டிங்கை 25 ஆகவும் காலண்டரிலேயே மாற்றிவிடுங்கள். அப்போது பார்த்து முன்னதாக முடித்துக்கொள்ளலாம் என்றால் யாரும் முடிப்பதில்லை. இரவு 9 மணிக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் காலையில் போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள். 'நாளைக்குப் பார்த்தால் போதும்' என்ற குறிப்போடு இரவில் வரும் செய்தி அன்றிரவே வேலையைத் தொடங்கிவைத்துவிடும். உண்மையான அவசரம் எது என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அதற்கு மட்டும் ஃபோன் அழைப்பு என்று முடிவு செய்துகொண்டால், மற்ற நேரத்தில் ஃபோனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பழக்கம் தானாகத் தளரும்.

'நாளைக் காலை வந்து என்னைப் பாருங்கள்' என்று மாலையில் ஒரு வரி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எதற்கு என்று இரண்டு சொல் சேருங்கள்: 'விடுமுறைப் பட்டியல் பற்றி', 'கணக்கில் ஒரு சந்தேகம்'. நீங்கள் விட்ட அந்த இரண்டு சொல்லைத்தான் அவர் இரவெல்லாம் தேடிக்கொண்டிருப்பார். நான்காவது வேலையைக் கொடுக்கும்போது, கையில் உள்ள மூன்றில் எது காத்திருக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். 'எல்லாமே முக்கியம்' என்பது முடிவெடுக்கும் பொறுப்பைக் கீழே தள்ளிவிடும் வாக்கியம். லீவில் போகிறவரின் வேலையை யார் பார்ப்பார் என்று பெயர் எழுதாத லீவ், லீவ் அல்ல. திரும்பி வந்ததும் இரட்டிப்பாக வசூலிக்கப்படும் கடன்.

ஊழியர்கள் உணரும் அழுத்தத்தை அளந்து பார்க்க விரும்பினால், உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழு 1983-ல் உருவாக்கிய அளவுகோலின் 10 கேள்வி வடிவம் இருக்கிறது. கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை அழுத்தமாக உணர்ந்தீர்கள் என்பது போலக் கேட்கும். அது நோயைக் கண்டறியும் கருவி அல்ல. பெயர் கேட்காதீர்கள்; பத்துப் பேருக்குக் குறைவான டீமின் முடிவைத் தனியாக அச்சிடாதீர்கள், ஆள் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்ற சந்தேகம் வந்தால் எல்லோரும் நலமே என்று எழுதிக் கொடுப்பார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள். வகுப்பிலும் மேலதிகாரி உட்கார்ந்திருக்க, 'உங்கள் ஸ்ட்ரெஸ் என்ன, பகிருங்கள்' என்று கேட்கச் சொல்லாதீர்கள்.

'பர்ன் அவுட்' என்ற சொல்லையும் தாராளமாகப் பயன்படுத்துகிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாடு அதை நோயாக அல்ல, பணியிடத்தில் சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட அழுத்தத்தால் வரும் நிலையாகவே பதிவு செய்கிறது. அதைத் தனிமனிதரின் பலவீனமாக எழுதி அனுப்ப அங்கே இடமில்லை.

எங்கள் பயிற்சிகள் எட்டாத இடங்களையும் உங்கள் மேற்பார்வையாளர்கள் அறிந்திருக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தமான வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் 'டென்ஷனா இருக்கும், உட்காருங்க' என்று சொல்லாமல் உடனே அவசர மருத்துவ உதவி கேளுங்கள். இரண்டு வாரமாக அநேகமாக எல்லா நாளும் மனம் சோர்ந்தே இருப்பவர், தூங்க மதுவையோ மாத்திரையையோ கூட்டிக்கொண்டே போகிறவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கான நேரத்தை நீங்கள் கொடுக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருக்கிறது என்றால் தனியே விடாமல், உதவி வரும்வரை கூடவே இருங்கள்.

இனி, எங்களைக் கூப்பிடும் அந்த இரண்டு மணி நேரம். அதை இப்படிப் பிரித்துத் தாருங்கள். முதல் ஒரு மணி நேரம் ஊழியர்களுக்கு: மூச்சும் தசையும் 40 நிமிடம், செய்து பார்த்து, தவறு திருத்தி, காகித முறைக்கு 20 நிமிடம். இரண்டாவது ஒரு மணி நேரம் மேலாளர்களுக்கு மட்டும். கடந்த மாத மீட்டிங் காலண்டரையும், வேலை நேரத்துக்குப் பிறகு போன செய்திகளின் எண்ணிக்கையையும் கையில் கொண்டு வரச் சொல்லுங்கள். பேசுவதற்கு அவையே போதும். இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் 15 நிமிடம் வீதம் மீண்டும் வந்து, யார் தொடர்கிறார்கள், யாருக்கு எங்கே இடறுகிறது என்று பார்த்துவிட்டுப் போகிறோம்.

சம்மதம் என்றால் தேதி சொல்லுங்கள். மதிய இடைவேளையில் மட்டும் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மன அழுத்தப் பயிற்சி அளிக்கும் உளநல ஆலோசகர்கள் சிலர்